நான் விடாத பயணம்

வென்ட்வேர்த்வில்,
2012, குளிர்காலம்.

என் பவானிக்கு,

நீர் போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. "நான் நலம், உமது நலமறிய ஆவல்" என்று இதைத் தொடங்க இயலாது. இரண்டாவது பகுதிக்கு விடை வராது. முதலாவது பகுதியை உறுதிப்படுத்தும் நிலையில் நான் இல்லை. ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

என்மீது ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. போர் முடிந்து ஊருக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், உமது பள்ளித் தோழி ரஞ்சி தங்கள் வகுப்புப் பெண்களின் ஒன்றுகூடலுக்காக யாழ்ப்பாணம் போனார் அல்லவா? உம்மையும் கூட வரும்படி அழைத்தாராம். உமக்குப் போக ஆசையாம். நான் விடவில்லையாம். அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் உமது நோய் தெரியவந்தது. குளிர்காலத்தில் நீர் போய்விட்டீர். ஆகவே, சாவதற்கு முன் ஒரு தடவை ஊரைப் பார்க்கும் வாய்ப்பை உமக்கு மறுத்தவன் நான் என்று பக்கத்துப் பென்டில் ஹில்லில் நம்மவரிடையே பேசப்படுகிறது.

நான் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. மறுத்தேனா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி நீர். அந்தச் சாட்சியை அழைக்க வழியில்லை. முப்பது வருடங்களாகச் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு, இதைவிடப் பலவீனமான நிலையில் ஒருவன் நின்றதாக நினைவில்லை.

நாம் வழமையாகச் செய்வதுபோல இதைத் துப்பறிந்து பார்த்தேன், பவானி. பாதிதான் செய்ய முடிந்தது. ஏனென்று உமக்குத் தெரியும். இதழில் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக அதையும் விளக்கிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் நாம் பார்த்த அந்தப் படத்திலிருந்து தொடங்குகிறேன். நாம் பிறப்பதற்கு வெகு முன்னர் எடுத்த கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படம். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்பறிகிறார்கள். துப்பறிவதைவிட ஒருவரையொருவர் பகிடி பண்ணுவதுதான் அதிகம். கடைசியில் சந்தேகத்துக்குரிய எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி, கொலைகாரன் யார் என்று கணவன் அறிவிக்கிறான். முதலில் நூலகத்திலிருந்து அந்த டிவிடியை எடுத்து வந்தீர். திருப்பிக் கொடுக்க மனம் வராமல், பிறகு எங்கோ தேடி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி வந்தீர். வேறு படம் பார்ப்போம் என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமைகளிலும் அதையேதான் பார்த்தோம்.

எனக்கு அந்தப் படத்தில் ஆட்சேபணைகள் இருந்தன. அனுமதி இல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். கிடைத்த தடயத்தைக் கையால் தொடுகிறார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்வது, சற்றுப் பிசகினாலும் அவதூறு. இவற்றை நான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கூறினேன்.

"இஞ்சாருங்கோ," என்றீர் ஒருநாள், "கையில இரத்தத்தோட நிக்கிறவன், மானம் போச்சுதெண்டு உங்களுக்கு மேல வழக்குப் போடுவானே?"

"போட உரிமை இருக்கு. வெல்லுறது வேற விசயம்."

நீர் கண்ணீர் வரச் சிரித்தீர். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நான் சட்ட நிலையைத்தான் கூறினேன்.

நமக்கும் வழக்குகள் இருந்தன. கொலை இல்லை, அவ்வளவுதான். நம்மவர் வீடுகளில் விருந்தென்றால் ஆண்கள் ஹோலில், பெண்கள் குசினியில். யாரும் சட்டம் போடவில்லை, கால்கள் தாமாகவே பிரிந்துபோகும். ஆகவே ஊர்ப் புதினச் செய்திகளில் ஒரு பாதி ஹோலுக்கும் மறுபாதி குசினிக்கும் சொந்தமாக இருந்தது. இரண்டு பாதிகளையும் நாம் திரும்பி வரும் காரில் பொருத்தினோம்.

ஒரு தடவை, நண்பர் ஒருவர் நல்ல காரைக் கொடுத்துவிட்டுப் பெரிய வான் வண்டி எடுத்திருக்கிறார் என்பது எனக்கு ஹோலில் கிடைத்த செய்தி. அவருடைய மனைவி உறைப்பே இல்லாமல் கோழிக்கறி வைப்பது எப்படி என்று நாலு பேரிடம் கேட்டார் என்பது உமக்குக் குசினியில் கிடைத்தது. ரயில் பாதையைக் கடப்பதற்குள் நீர் தீர்ப்பு எழுதிவிட்டீர். "மகன் வெள்ளைக்காரப் பிள்ளையை முடிக்கப் போறான். பொம்பிளை வீட்டார் வந்து நிக்கப் போகினம்." ஆதாரம் போதாது என்றேன். சில மாதங்களில் கலியாணக் காட் வந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, நான் கடந்து போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமினீர்.

இப்போது என்னிடம் ஹோல் மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் இந்தக் குற்றச்சாட்டும் இத்தனை காலமாக என் காதுக்கு எட்டவில்லை. அது குசினியில் இருந்தது. உமது ஆண்டுத் திவசத்தன்று ஐயர் போன பிறகு, வந்தவர்களுக்கு வீட்டிலேயே மரக்கறிச் சாப்பாடு கொடுத்தோம். ஹோலில் பாயாசம் முடிந்துவிட்டது. முன்பென்றால் குரல் கொடுத்திருப்பேன், நீர் கொண்டு வந்திருப்பீர். அன்று வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே குசினிக்குப் போனேன். வாசலில் ரஞ்சியின் குரல் கேட்டது.

"பாவம், அந்த மனிசன் விடேல்லை. விட்டிருந்தால் ஒருக்கா எண்டாலும் போய்ப் பாத்திட்டுக் கண்ணை மூடியிருப்பாள்."

நான் உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பெண், "அண்ணை, பாயாசமோ? தாங்கோ, தாங்கோ" என்று பாத்திரத்தை என் கையிலிருந்து பறித்தார். ரஞ்சி மட்டும் என் முகத்தையே பார்த்தபடி நின்றார். பாத்திரம் நிறைந்ததும் நான் வாங்கிக்கொண்டேன். தயாரிப்பு இல்லாமல் பதிலளிக்கக் கூடாது என்று எத்தனை பேருக்கு அறிவுரை கூறியிருக்கிறேன்.

பாயாசத்தோடு திரும்பி வரும்போது நடையில் ஸ்டெல்லா மறித்தார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உம்மோடு வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பெண். உமது மரணச் சடங்கில் ஒரு தடவை கண்டிருக்கிறேன். முதலில் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"சார், உங்க ஜோக் எல்லாம் அக்கா டீ டைம்ல சொல்லுவாங்க. அந்த பார்க்கிங் ஜோக்கை நான் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எந்தப் பார்க்கிங் என்று கேட்டேன்.

"வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துல சனிக்கிழமை பார்க்கிங் கிடைச்சா, காரை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்கு நடந்தே போயிரணும், எடுத்தா திரும்பக் கிடைக்காதுன்னு சொன்னீங்களாமே!"

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்றேன். "அது நடைமுறைக்கும் ஒத்துவராது. அங்கே நேர வரம்பு இருக்கிறது. தண்டம் எழுதிவிடுவார்கள்."

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ சார், அக்கா சொன்ன மாதிரியே இருக்கீங்க! முகத்துல ஒரு சிரிப்புக்கூட இல்லாம!"

பவானி, அன்று என் வீட்டில் என் பெயரில் இருவர் இருந்தார்கள். குசினியில் இருந்தவர் மனைவியை வீட்டோடு கட்டிவைத்த கொடுமைக்காரர். நடையில் இருந்தவர் பெரும் பகிடிக்காரர். இருவரையும் எனக்கு அறிமுகமில்லை. இருவரையும் ஊருக்கு அறிமுகப்படுத்தியவர் நீர். அப்படியானால் நீர் உண்மையில் வாழ்ந்தது யாரோடு? என்னோடு வாழ்ந்ததைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லையா? இந்தக் கேள்வியை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

மெல்பேர்னில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அபி திவசத்துக்கு வந்து நின்று, மறுநாள் காலையே வேலைக்காகத் திரும்பிவிட்டாள். அம்மா ஊருக்குப் போவதை நான் எப்போதாவது தடுத்தேனா என்று கேட்டேன்.

"அப்பா, சீரியஸா கேக்கிறீங்களா?"

"நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன்."

"அம்மா எல்லாத்துக்கும் அப்படித்தானே சொல்லுவா. 'இவர் விடமாட்டார்.' கோயில் கொமிட்டி, பரதநாட்டிய அரங்கேற்றம், ரஞ்சி அன்ரியின்ர யோகா கிளாஸ், எல்லாத்துக்கும் நீங்கள்தான் விடேல்லை."

"எனக்கு யோகாவில் ஆட்சேபணை கிடையாது."

"தெரியும் அப்பா. நானும் செய்தனான்."

"யோகாவா?"

"இல்லை. ஸ்கூல் கேம்ப். எனக்குப் போக விருப்பமில்லை. 'அப்பா விடமாட்டார்' எண்டு டீச்சருக்குச் சொன்னன். ஐடியா அம்மான்ர. டீச்சர் என்னைக் கட்டிப் பிடிச்சு ஆறுதல் சொன்னவ."

அந்த ஆசிரியையை எனக்கு நினைவிருக்கிறது. பெற்றோர் சந்திப்பில் என் கையைக் குலுக்காமல் உமது கையை மட்டும் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றார். பண்பாட்டு வேறுபாடு என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அந்தப் படத்தைத் தனியாகப் போட்டேன். எதற்கென்று இப்போதும் விளக்க இயலவில்லை. சம்பவ இடத்துக்குத் திரும்பிப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளும். ஆட்சேபணை சொல்ல ஆள் இல்லாததால் படத்தைக் கவனித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு காட்சி. பொலிஸ் அதிகாரி வந்து கேள்வி கேட்கிறார். மனைவி தன் ஊகத்தைச் சொல்கிறாள். ஆனால் அது கணவனுடைய அபிப்பிராயம் என்று சொல்லித்தான் தொடங்குகிறாள். அவள் பின்னால் நிற்கும் கணவனுடைய முகத்தில் ஒரு கணம், ஒரே கணம், திகைப்பு வருகிறது. அதைக் கேட்பது அவனுக்கே முதல் தடவை. பிறகு கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, ஆம், என் அபிப்பிராயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டுகிறான்.

அந்த முகத்தை நான் இத்தனை காலமும் கண்டதில்லை. நீர் கண்டிருப்பீர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த இடத்தில்தான் நீர் என்னைத் திரும்பிப் பார்ப்பீர். பஞ்சியில் நித்திரையாகிவிட்டேனோ என்று பார்க்கிறீர் என்றல்லவா நினைத்தேன்?

ஆகவே ஒன்று தெளிவானது. நான் உம்மைத் தடுக்கவில்லை. நீரே போக விரும்பவில்லை. அதற்கு என் பெயரைப் பாவித்தீர். ஆனால் வழக்கு முடியவில்லை, இன்னும் மோசமாகியது. ஏன் போக விரும்பவில்லை? அந்த நாட்களில் ஒரு தடவை, காரில், "ரஞ்சி ஆட்கள் ஊருக்குப் போகினமாம், நீர் போகேல்லையோ?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. "பாப்பம்" என்றீர். பச்சை விளக்கு விழுந்தது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அப்போதே உடம்பில் ஏதோ தெரிந்திருந்ததா? இரத்தமும் நுணுக்குக்காட்டியுமாக வேலை செய்தவருக்கு எங்களுக்கு முன்னரே ஏதாவது தட்டுப்பட்டிருக்குமா? அல்லது, போனால் பார்க்க வேண்டியிருக்கும் எதையோ பார்க்க விருப்பமில்லையா? அல்லது, அபியும் மெல்பேர்ன் போய்விட்ட நேரத்தில் என்னைத் தனியே விட மனமில்லையா? கடைசிக் காரணம் உண்மையென்றால் குற்றச்சாட்டு சுற்றிக்கொண்டு மறுபடியும் என்னிடமே வருகிறது. அல்லது, ரஞ்சி போட்ட பயணத் திட்டத்தில் எத்தனை கோயில்கள் இருந்தன என்று பார்த்துப் பயந்துவிட்டீரா? இதையும் நான் ஒதுக்கவில்லை.

அடுத்து, ரஞ்சியிடம் என்ன சொல்வது என்ற பிரச்சினை. உண்மையைச் சொன்னால் நான் விடுதலை. ஆனால், பவானிக்கு உங்களோடு வர விருப்பமிருக்கவில்லை, அதைச் சொல்லாமல் பொய் சொன்னார் என்று, எதிர்த்துப் பேச முடியாத உம்மை உமது உயிர்த் தோழியின் முன்னால் நிறுத்த வேண்டும். மௌனமாக இருந்தால் குற்றம் நிரூபணமானதாகிவிடும். நான் என் கட்சிக்காரருக்காகப் பேசுவதா, எனக்காகப் பேசுவதா? கட்சிக்காரர் யார் என்பதே எனக்குக் குழப்பமாகிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் பென்டில் ஹில்லில் ரஞ்சி வீட்டுக்குக் காரை எடுத்தேன். உண்மையைச் சொல்வது என்ற முடிவோடுதான் புறப்பட்டேன். வாக்கியங்களைக்கூடத் தயார் செய்திருந்தேன்.

ரஞ்சியின் கணவர் குலம் அண்ணை கதவைத் திறந்தார். "வாரும் வாரும், சட்டத்தரணியார்! ஆளை இந்தப் பக்கம் காணக் கிடைக்கிறேல்லை. இரும், கிரிக்கெட் போகுது" என்று ஹோலில் கதிரையைக் காட்டினார். நான் ரஞ்சியோடு கதைக்க வேண்டும் என்றேன். "அவ குசினிக்குள்ள. கூப்பிடட்டோ?" வேண்டாம், நான் போகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருடைய வீட்டுக்கு வந்துபோன இத்தனை வருடங்களில் அந்த வாசலை நான் தாண்டியதில்லை.

ரஞ்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, "இருங்கோ அண்ணை" என்று சின்னக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். அந்தக் கதிரையின் முதுகில் உமது நீலக் கம்பளிச் சட்டை தொங்கியது. எப்போதோ நீர் விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். அவர் அதை எடுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் அதன்மேல் சாயாமல், நுனியில் இருந்தேன்.

தயார் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை, பவானி. வேறொன்று வந்தது.

"ரஞ்சி, நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி. நான்தான் விடேல்லை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அண்ணை, உங்களுக்கு வடிவாப் பொய் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரியும்."

"நான் பொய்..."

"இவர் விடமாட்டார் எண்டு நாங்கள் எல்லாரும்தான் சொல்லுறது. அப்படிச் சொன்னால் மேல கேள்வி இல்லை. அந்தா ஹோலில இருக்கிற மனிசனைப் பாருங்கோ. அவர் விடாத விசயம் ஆயிரம் இருக்கு. ஒண்டையும் அவர் இன்னும் கேள்விப்படேல்லை."

"ரஞ்சி!" என்று ஹோலிலிருந்து குலம் அண்ணையின் குரல். "தேத்தண்ணி வருமோ, இல்லாட்டி லோயர் நிக்கேக்கையே வழக்குப் போடவோ?"

"போடுங்கோ!" என்று கத்திவிட்டு ரஞ்சி கேத்திலைப் போட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பொய்யென்று தெரிந்திருந்தால், என் வீட்டிலேயே நின்று என்னை ஏன் அப்படிக் குற்றம் சாட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கள் பாத்திரத்தோட வாற சத்தம் கேட்டுத்தான் சொன்னனான்," என்றார். "உங்களுக்குக் கோவம் வரும். நான் அப்பிடிச் செய்யேல்லை, அவள் இன்னதுக்குத்தான் போகேல்லை எண்டு உண்மையைச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் பாயாசத்தை வாங்கிக்கொண்டு போயிட்டீங்கள்."

அது ஒரு பொறி, பவானி! நம்முடைய படத்தில் வருவதுபோலவே. உமது திவசத்தில், நமது குசினியில், எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு உமது தோழி எனக்குப் பொறி வைத்திருக்கிறார். நான் அதில் விழவுமில்லை, அதைக் கண்டுபிடிக்கவுமில்லை. நீர் பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பீர்.

தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு ரஞ்சி மற்றப் பக்கம் திரும்பி நின்றார். குரல் மாறிவிட்டது.

"என்னோட வர விருப்பமில்லையோ அண்ணை? நான் கூடக் கதைக்கிறனான். எல்லாத்தையும் நானே முடிவெடுக்கிறனான். அவள் ஒருநாளும் மூஞ்சையைச் சுளிச்சதில்லை. வேற ஆருக்குச் சொன்னாலும் பரவாயில்லை, எனக்கே அந்தச் சாக்கைச் சொல்லிப் போட்டாளே? ஒரு வருசமா இதுதான். திவசம் வரைக்கும் உங்கட வீட்டுக்கு வரக் கால் எழும்பேல்லை. அதுதான் சாப்பாட்டை இவரிட்டக் குடுத்து அனுப்பினனான். உங்களுக்குத் தெரியும்தானே, சொல்லுங்கோ. என்னாலயோ?"

அப்போதுதான் விளங்கியது. நான் பதில் கேட்டு வந்த இடத்தில், பதிலுக்காக ஒருவர் என்னையே ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தெரியாது என்று சொன்னேன். "பாப்பம்" என்று நீர் சொன்னதையும், பச்சை விளக்கு விழுந்ததையும் சொன்னேன். என்னிடம் இருந்த சாட்சியம் முழுவதும் அவ்வளவுதான். ரஞ்சி தன்னிடம் இருந்ததைச் சொன்னார். நீர் மறுத்த அன்று இருவரும் கடைக்குப் போனீர்களாம். பயணப் பெட்டி தெரிவுசெய்ய நீரே உதவினீராம். சிவப்பு நிறம்தான் விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே தெரியும் என்று வற்புறுத்தினீராம். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லையாம்.

ஹோலின் பாதியும் குசினியின் பாதியும் முதல் தடவையாக ஒரே மேசையில் வந்தன. பொருத்திப் பார்த்தோம். பொருந்தவில்லை. என் ஊகங்களைச் சொன்னேன். கோயில்களைப் பற்றியதை மட்டும் தவிர்த்தேன். ரஞ்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதாவும் இருக்கும், இதாவும் இருக்கும்" என்றார். எந்த நீதிமன்றமும் ஏற்காத முடிவு. நான் ஏற்றுக்கொண்டேன்.

"அப்ப ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன்.

ரஞ்சி மூக்கைத் துடைத்தார். "நீங்கள் விடேல்லை எண்டே இருக்கட்டும் அண்ணை. அதைப்பற்றி அவள் கடைசியாச் சொன்னது அதுதானே. நாங்கள் ஏன் மாத்துவான்?"

இரு தரப்பும் சம்மதித்தால் வழக்கை ஒரு உடன்பாட்டில் முடிக்கலாம். உண்மை எது என்று யாரும் தீர்ப்பளிக்கத் தேவையில்லை. என் தொழிலில் அது வழமை. அப்படிப்பட்ட உடன்பாடுகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். கையொப்பமிடும்போது மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்று மட்டும் அப்போது எனக்கு விளங்கியதில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை நம்முடைய தமிழ்ச் சங்க மாத இதழில் வெளியிடப் போகிறேன். அது ரஞ்சியோடு செய்த உடன்பாட்டை மீறுவதாகும் என்பதால், இதுவரை எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டி அனுமதி கேட்டேன். "போடுங்கோ அண்ணை," என்றார். "ஒருத்தரும் நம்பமாட்டினம். மனிசியை விடாமல் வைச்சிருந்திட்டு இப்ப கதை எழுதுறார் எண்டுதான் சொல்லுவினம்." அது சரியான சட்ட ஆலோசனை என்றே எனக்கும் படுகிறது.

இன்னுமொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சங்கத் தலைவர் தொலைபேசி எடுத்தார். அவரை உமக்குத் தெரியும். மறுப்பு என்ற சொல்லை அவர் காதில் வாங்கமாட்டார். சங்கத்தின் யாப்பு விதிகளைத் திருத்த ஒரு குழு அமைக்கிறார்களாம், நான்தான் தலைமை தாங்க வேண்டுமாம். எனக்கு அதில் அணுவளவும் விருப்பமில்லை. வேலை அதிகம் என்றேன். மாதத்துக்கு ஒரு கூட்டம்தான் என்றார். உடல்நலம் என்றேன். வீட்டிலேயே கூட்டம் வைக்கலாம் என்றார். வேறு ஒரு காரணமும் என்னிடம் மிஞ்சவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"பவானி விடமாட்டா."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. திருத்திக் கூற வேண்டும் என்று நினைத்தேன். என்ன திருத்துவது என்று தெரியவில்லை.

"ஓ," என்றார் அவர், மிகவும் மெதுவாக. "ஓ, சரி. அவ விடாட்டில் என்ன செய்யிறது." வைத்துவிட்டார்.

நான் தொலைபேசியைக் கையில் வைத்தபடி ஹோலில் நின்றேன். சிரித்தேனா என்று யாராவது கேட்டால், ஆம், சிரித்தேன். அது பொய்யா, இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களைச் சொன்ன கணத்தில் நான் தனியாக நின்று மறுக்கவில்லை. அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். நீர் அதைச் சொன்னபோதெல்லாம் உமக்கும் அப்படித்தான் இருந்ததா? யோகாவுக்கும், கோயில் கொமிட்டிக்கும், யாழ்ப்பாணத்துக்கும்?

விடை தரத் தேவையில்லை. இதன் மூலம் உமக்கு வாக்களிக்கிறேன். அந்தப் பயணத்தைப் பற்றி யார், எங்கே, எப்போது கேட்டாலும், நான்தான் விடவில்லை என்று கூறுவேன். காரணம் கேட்டால், அது எங்கள் இருவருக்கும் இடையிலானது என்பேன். நீர் என் பெயரில் சொன்ன பகிடிகளையும் மறுக்கமாட்டேன். பார்க்கிங் விடயத்தில் மட்டும் நேர வரம்பைக் குறிப்பிடும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குசினியில் நீர் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட
உம்முடைய 'இவர்'.